பாதிரிப் பொந்து

ராபின்சன் பிறந்ததிலிருந்து மீன் தலை தின்றவன் இல்லை. சாளையின் கண் தன்னையே முறைக்கிறது என்று ஒதுக்கிவைப்பான். ஒதுக்கிவைத்த தலைகளைப் பற்றியும் அரைமணி நேரம் குறை சொல்வான். அதனால் அன்று சாயங்காலம் பொந்துக்குள்ளிருந்து திரும்பி வந்த பீங்கான் தட்டில் தலையும் இல்லை, முள்ளும் இல்லை, குழம்பின் பிசுக்குக்கூட இல்லை என்று கண்டபோது, அவன் அம்மை ஆனந்தபாய் தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். தேங்காய்ச் சகிரி நாரும் சாம்பலும் போட்டு அவள் தேய்த்தால்கூட இவ்வளவு துப்புரவாக வராது.

“எலே மக்கா, தலையும் தின்னியா?”

“நான் எங்க தின்னேன்?” பலகைக்கு அப்புறத்திலிருந்து முனகல் வந்தது. “ரெண்டு வாய் தின்னேன், ஒரே காரம். கீழ வச்சிட்டேன். இஞ்ச கால நீட்ட எடமில்ல. என்னமோ முதுகில இடிச்சிட்டே இருக்கு.”

“எலியாக்கும்.”

“எலி தட்டு கழுவுமா?”

ஆனந்தபாய்க்குச் சிரிப்பு வந்தது. போலீஸ் தேடுகிற பையன், மூச்சுவிட இடமில்லாத பொந்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அங்கேயும் வாய் ஓயவில்லை. சிரித்துக்கொண்டே பலகையைச் சாத்தினாள். சாத்திய பிறகுதான் அந்தக் கேள்வி அவளோடு அடுக்களைவரை நடந்து வந்தது. எலி தட்டு கழுவுமா?

பாறசாலையிலிருந்து பெருங்கடவிளைக்குப் போகும் வழியில் ஒரு குன்றின் மேல் அந்தப் பங்களா நின்றது. தார்ன்லி துரை கட்டியது. தார்ன்லி என்று சொல்ல நாக்கு வளையாத ஊரார் அதைத் தாரணி பங்களா ஆக்கியிருந்தார்கள். அதன் சன்னல்களைச் சித்திரையில் துடைக்கத் தொடங்கும் வேலைக்காரி கடைசிச் சன்னலுக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த சித்திரை வந்துவிடும். துரை இங்கிலாந்தில் ஒரு பெரிய மாளிகையில் இளைய மகனாகப் பிறந்தவர். அந்த நாட்டு முறைப்படி வீடும் நிலமும் காடும் குளமும் மூத்தவனுக்குப் போயிற்று. இளையவனுக்கு மிஞ்சியது கப்பலில் ஒரு இருக்கை. இங்கே வந்து ரப்பரும் நல்லமிளகும் வைத்துக் கொழுத்த பிறகு, தனக்குக் கிடைக்காத அந்த வீட்டைச் செங்கலுக்குச் செங்கல் நினைவிலிருந்தே மறுபடி கட்டிவிட்டார்.

பனி வழுக்கி விழுவதற்காகச் செங்குத்தான கூரை. பனியைக் காணாத ஊரில் அதிலிருந்து வழுக்கி விழுந்தவை மரநாய்கள் மட்டும். குளத்தில் விட அன்னங்கள் வந்தன. முதல் கர்க்கடக மழையிலேயே தும்மித் தும்மிச் செத்தன. வாசலில் இரண்டு கல் சிங்கங்கள். சிங்கத்தைக் கண்ணால் கண்டிராத கொத்தன் தன் மாமனாரை நினைத்துக்கொண்டு செதுக்கினான். மாமனார் இறந்த பிறகும் மாமியார்க்காரி ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து இடப்பக்கத்துச் சிங்கத்தை வயிறு நிறைய ஏசிவிட்டுப் போவாள் என்பார்கள்.

சாப்பாட்டு அறையில் ஒரு கணப்பு இருந்தது. ஒரு காளைமாட்டை நிறுத்தலாம், அத்தனை பெரியது. நெற்றி வியர்வை சோற்றில் சொட்டுகிற ஊரில், துரை கிறிஸ்துமஸ் தோறும் அதில் தீ மூட்டிக் கம்பளிக் கோட்டோடு எதிரே உட்காருவார்; மயங்கி விழுவார்; தூக்கி விசிறியதும் இன்னொரு விறகு போடச் சொல்வார்.

அந்த வீட்டில் புதிதாகச் செய்யாதது அந்தக் கணப்பு ஒன்றுதான். அண்ணன் பழைய மாளிகையில் ஒரு பக்கத்தை இடித்தபோது, அதிலிருந்த கல்லையும் பலகையையும் தனக்குத் தரச் சொல்லி எழுதிக் கேட்டுத் துரை கப்பலில் வரவழைத்தார். மீனமாதக் கோடை நடுப்பகலில் கை வைத்தாலும் அந்தக் கல் ஜில்லென்று இருக்கும். ஈரத்துணியும் பழைய மெழுகுதிரியும் சேர்ந்த ஒரு வாடை எப்போதும் அதில் உண்டு. கணப்புக்குள் குனிந்து நுழைந்தால் இடப்பக்கத்தில் ஒரு கருத்த பலகை. கீழ்மூலையை அமுக்கினால் திறக்கும். உள்ளே ஒருவன் முழங்காலைக் கட்டி உட்காரலாம்.

பாதிரிப் பொந்து என்று அதற்குப் பெயர். துரையின் சமையற்காரனாக இருந்த, ஆனந்தபாயின் கணவன் ஈசாக்குக்கு மட்டும் அதன் கதை தெரியும். ஒரு கிறிஸ்துமஸ் அன்று துரையே போதையில் சொன்னது. முன்னொரு காலத்தில் அவர்கள் நாட்டில் ராஜாவின் சபை ஒன்று, பழைய சபை ஒன்று. பழைய சபைப் பாதிரி அகப்பட்டால் தூக்குமரம். ஒரு இளம் பாதிரியை அந்த மாளிகைச் சீமாட்டி பொந்தில் ஒளித்தாள். தேடி வந்த சிப்பாய்கள் எதுவும் அகப்படாமல் அந்த வீட்டிலேயே தங்கித் தின்று குடித்துக் கிடந்தார்கள். சீமாட்டியால் பொந்தின் பக்கம் போக முடியவில்லை.

“ரெண்டு கூட்டரும் ஏசுவத்தானே கும்பிடுகாங்க?” என்று ஆனந்தபாய் கணவனிடம் கேட்டாள்.

“ஆமா. ஒரே ஏசுதான்.”

“பெறவு? திறந்து பாத்தாளா அவ?”

அதைச் சொல்வதற்குள் துரை அழத் தொடங்கிவிட்டார் என்றான் ஈசாக்.

அந்த ஈசாக் இப்போது மிஷன் பள்ளித் தோட்டத்தில் மண்ணுக்குள் இருந்தான். நாடு சுதந்திரமானதும் துரை கப்பலேறிப் போனார். தோட்டத்தைத் திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர் வாங்கினார். வாங்கியவருக்கு வீட்டைப் பார்த்ததும் பயம் வந்து, சாவியை ஆனந்தபாயிடமே விட்டுவிட்டுப் போனார். அவளுக்கென்று மிஞ்சியது ராபின்சன் ஒருவன்.

அவனும் எல்லைப் போராட்டத்தில் இறங்கினான். தமிழ் பேசும் ஊரெல்லாம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று பாறசாலையில் ஊர்வலம் போனபோது, மெதுவாகப் போகிறார்கள் என்று குறை சொல்லிச் சொல்லியே பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்துவிட்டான். முன்வரிசையில் நின்ற முகங்களைத்தான் போலீஸ் பார்த்து வைத்தது. பிறகு தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. வீடு வீடாகத் தேடல் வந்தது. பக்கத்து விளையில் தங்கையனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டு, திரும்பக் கொண்டுவந்து இறக்கினார்கள். இது யார் என்று அவன் அம்மையே கேட்டாள். அதைக் கண்ணால் கண்ட அன்றுதான் ஆனந்தபாய் தன் மகனைப் பொந்தில் இருத்தினாள். அவன் முழு உடம்போடு வெளியே வர வேண்டும். கர்த்தரிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

மீன் தட்டு திரும்பி வந்த மறுநாள் காலையில் ரிசர்வ் போலீஸ் லாரி குன்றேறி வந்து, பங்களாவிலேயே முகாம் போட்டது.

அவர்களுக்குத் தலைவர் சோமன் என்ற ஏட்டு. நல்ல மனிதர். பாலராமபுரத்தில் பெண் எடுத்தவர். மலையாளமும் தமிழும் அவர் வாயில் ஒரே சட்டியில் கொதிக்கும். வந்ததும் தொப்பியைக் கழற்றி, தொந்தரவுக்கு வருந்தி, “அம்மச்சிக்கு புத்திமுட்டு ஆயோ? ஞங்ஙள் ஒரு மூலையில கிடந்துக்கலாம்” என்றார். அந்த மூலையாக அவர்கள் தேர்ந்தெடுத்தது சாப்பாட்டு அறை.

மழை. கர்க்கடகம் முடிந்தும் விடாமல் பிடித்த மழை. தவளைகளே சலித்து வீட்டுக்குள் ஏறி வந்த மழை. பகலா சாயங்காலமா என்று தெரியாத ஒரு சாம்பல் வெளிச்சத்தில் போலீஸ்காரர்கள் நீள மேசையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டிருந்தார்கள். ஈரக் காக்கியும் பீடியும் துப்பாக்கி எண்ணெயும் கலந்து மணத்தது. கணப்புக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டொக். டொக்.

ஏட்டு கறியில் தோய்த்த கையோடு நின்றுவிட்டார். “அம்மச்சீ, அடுப்பினகத்து ஆரா?”

ஆனந்தபாய் வாயில் வந்ததைச் சொன்னாள். “துரைசானியாக்கும் ஏட்டே.”

“ஏது துரைசானி?”

“துரைக்க பெண்டாட்டி. கிறிஸ்மஸ் தீயில பாவாட பிடிச்சு இதுக்குள்ளதான் எரிஞ்சா.” துரைக்குப் பெண்டாட்டியே கிடையாது. “மழ பெய்தா வருவா. முடி இப்பமும் எரிஞ்சிட்டுதான் இருக்கும். முதல்ல டொக் டொக்னு முட்டுவா. பெறவு எட்டிப் பாத்து சாயா கேப்பா.”

“சாயாவா?”

“குடுத்தா குடிப்பா. குடிச்சது எரிஞ்ச வயிறு வழியா தரையில ஒழுகும். போன வருசம் ஒருத்தன் அத கண்டு, நெய்யாற்றின்கர வரைக்கும் நிக்காம ஓடி, அங்க போய்தான் முண்டு இல்லங்கத பாத்தான்.”

சொல்லச் சொல்ல அவளுக்கே ருசி ஏறியது. ஒரு போலீஸ்காரன் எழுந்து தட்டோடு லாரிக்குப் போய்விட்டான். மீதிப்பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போனார்கள். சாப்பாட்டு அறை காலியானது. ஆனந்தபாய் அடுக்களையில் திரும்பி நின்று, முந்தியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். இருட்டும் முன் ஒரு பாத்திரம் கஞ்சியைப் பொந்துக்குள் வைத்தும்விட்டாள்.

அவள் செய்த பிழை இதுதான். பேய் என்று கேட்டால் அவள் சபைக்காரர்கள் முழங்காலில் நின்று ஜெபிப்பார்கள், பயந்தால் விலகிப் போவார்கள், அதோடு சரி. ஏட்டு வேறு கூட்டத்தில் பிறந்தவர் என்பதை அவள் நினைக்கவில்லை. அவர்கள் பேயை விட்டு விலகுகிறவர்கள் அல்ல. பிடித்துக் கட்டுகிறவர்கள். ஆணி அடிக்கிறவர்கள்.

மறுநாள் பெருங்கடவிளையிலிருந்து பொன்னப்பன் வந்தான். கழுத்தில் இருந்த மணிகளின் பாரத்திலேயே கூன் விழுந்துபோன மந்திரவாதி. கணப்பின் கல்லில் கை வைத்தான். உடனே எடுத்தான். அதுவரை தமாஷ் பேசிக்கொண்டிருந்தவன், கையைத் துணியில் துடைத்தான். இன்னொரு தடவையும் துடைத்தான்.

“ஏமானே, இது நம்ம நாட்டு சாதனம் இல்ல. கப்பலேறி வந்ததாக்கும். எனக்க பாஷ இதுக்கு மனசிலாகுமான்னு தெரியல்ல.”

“பின்னே எந்து செய்யும்?”

“அடுப்புக்க வாய அடைக்கணும். கல்லு வச்சு, சாந்து பூசி, நாலு மூலைக்கும் இரும்பாணி. ஒரு மண்டலம் ஆரும் தொடப்பிடாது. தொட்டா ஆளு போவும்.”

போலீஸ்காரர்கள் பாழடைந்த மாட்டுத்தொழுவத்திலிருந்து வெட்டுகல் சுமந்து வந்தார்கள். சுண்ணாம்பு குழைத்தார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவந்த தண்ணீர் தரையில் ஓடியது. ஆனந்தபாய் கணப்பின் பக்கச் சுவரில் முதுகை ஊன்றிக்கொண்டு நின்றாள். அடுத்த கல்லில் சொல்லிவிடலாம். அதற்கடுத்த கல்லில் சொல்லிவிடலாம். எனக்க மகன் உள்ள இருக்கான். நாலு வார்த்தை. சொன்னால் தங்கையனைப் போல ஆக்குவார்கள், சொல்லாவிட்டால்? கல் அவள் இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

“அம்மா.”

முதுகுக்குப் பின்னால், கல்லுக்குள்ளிருந்து. அவளுக்கு மட்டும் கேட்கிற அளவில்.

“சொல்லாத. நான் இஞ்ச சுகமா இருக்கேன்.”

ராபின்சனின் குரல். அவள் வாயை மூடிக்கொண்டாள். கடைசிக் கல்லை வைத்து, பொன்னப்பன் நாலு ஆணியும் அடித்தான். ஒவ்வொரு அடியும் அவள் முதுகெலும்பில் இறங்கியது.

ஆனால் வழி ஒன்று இருந்தது. அது இருந்ததால்தான் அவள் அன்று அலறாமல் நின்றாள். சாமான்கள் வைக்கும் கலவறையின் சுவர்தான் பொந்தின் பின்சுவர். அதில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே விரல் நுழையும் ஒரு விரிசல் உண்டு. அந்தப் பழைய பாதிரிக்குக் காற்று வர விட்டது என்று ஈசாக் சொல்லியிருந்தான். அவள் பப்பாளி இலையின் நீளக் காம்பை ஒடித்தாள். உள்ளே பொள்ளலான காம்பு. அதை விரிசலில் செருகி, கலவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கஞ்சித் தண்ணீரைப் பைய ஊற்றினாள்.

அப்புறத்தில் காம்பை ஒரு வாய் பற்றிக்கொண்டது. உறிஞ்சியது.

“மக்கா, போதுமா?”

“நல்லா இருக்கு அம்மா.”

அவள் சுவரில் நெற்றியை வைத்து அழுதாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள்.

நாள்கள் அப்படிப் போயின. காலையிலும் மாலையிலும் கஞ்சித் தண்ணீர், சிலபோது கருப்பட்டித் தண்ணீர், சிலபோது தேங்காய்ப்பால். காம்பு வாடினால் புதிது. மழை ஓட்டில் விழுகிற ஓயாத இரைச்சலும், வராந்தாவில் போலீஸ்காரர்கள் சீட்டு விளையாடும் சத்தமும், புளியும் கருப்பட்டியும் மணக்கும் கலவறையின் மங்கலும், அதற்குள் அந்த உறிஞ்சும் ஒலியும். உறிஞ்சல் நாளுக்கு நாள் வலுத்தது. ஊற்றுவதற்கு முன்பே காம்பு அவள் கையில் இழுபடத் தொடங்கியது. பையனுக்கு நல்ல பசி, அது நல்லதுதான் என்று அவள் எண்ணிக்கொண்டாள். எப்போது கேட்டாலும் ஒரே பதில். நல்லா இருக்கு அம்மா.

ஒரு நாள் ஊற்றி முடித்துவிட்டுப் பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதை அவள் வாயில் விட்டாள். உப்பே போடவில்லை.

உப்பு அரைக்கல் குறைந்தால் பள்ளி மைதானம்வரை கேட்கிறபடி கத்துகிறவன் ராபின்சன். ஒரு தடவை உப்பு குறைந்ததற்காக முற்றத்துப் பலாமரத்தோடுகூட அவன் பேசவில்லை.

“மக்கா, கஞ்சி எப்பிடி?”

“நல்லா இருக்கு அம்மா.”

பாவம், அம்மையை வருத்தக்கூடாது என்று சொல்கிறான். ஆமாம். அப்படித்தான். மறுநாள் அவள் பாகற்காயை இடித்துச் சாறு பிழிந்தாள். பாகற்காய்ப் பந்தல் இருக்கும் வழியில்கூட அவன் நடக்கமாட்டான். காம்பில் ஊற்றினாள்.

“எப்பிடி இருக்கு?”

“நல்லா இருக்கு அம்மா.”

அதே குரல். அதே நீளம். நேற்றுச் சொன்னதையே எடுத்துத் தந்தது போல.

“எலே,” என்றாள். “எலே மக்கா, என்னைய கொஞ்சம் ஏசுலே.”

காம்பு மட்டும் இழுபட்டது. கிடைக்காதபோதும் இழுபட்டது. மழை சற்றே ஓய்ந்தது. அந்த ஓய்வில், அந்த வாய்க்கும் பின்னால், தூரத்தில், கிணற்றின் அடியிலிருந்து போல, இன்னொன்று கேட்டது. ஈரமில்லாத தொண்டை. முனகல்.

“அம்மா... எனக்கு தரமாட்டேங்கான்... முழுக்க அவனே குடிக்கான்...”

பாத்திரம் விழுந்தது.

அவள் எப்படி வராந்தாவுக்கு வந்தாள் என்று தெரியாது. ஏட்டின் காலில் கிடந்தாள். “எனக்க மகன் உள்ள இருக்கான் ஏட்டே! ராபின்சன்! நீங்க தேடுக பையன்! பிடிச்சிட்டு போங்க, அடிங்க, ஜெயில்ல போடுங்க, ஆனா கல்ல எடுங்க!”

“அம்மச்சீ, எழுந்நேல்க்கு.” ஏட்டு அவளைத் தோளில் பிடித்துத் தூக்கினார். அவர் கண்ணில் இரக்கம் இருந்தது, அதுதான் கொடுமை. “மகன் தெற்கே ஓடிப் போயின்னு எங்களுக்கு தகவல் உண்டு.”

“இல்ல. உள்ள இருக்கான். நான்தான் ஒளிச்சேன்.”

“அப்போ துரைசானி?”

“பொய்! நான் சொன்ன பொய்யாக்கும்! துரைக்கு பெண்டாட்டியே இல்ல!”

போலீஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எரிகிற முடியும் ஒழுகுகிற சாயாவும் அவர்கள் கனவில் வரத் தொடங்கிப் பல நாளாகியிருந்தது. அதைப் பொய் என்றால் நம்புவதற்கு அங்கே ஆள் இல்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லியிருந்தாள்.

ஆனாலும் ஏட்டு வந்தார். கலவறைக்குள் குனிந்து, விரிசலில் காதை வைத்தார். “அகத்து ஆரடா?” என்றார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசு மக்கா. ஏசு. எதையாவது குறை சொல்லு.

ஏட்டின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. நிமிர்ந்தார். கையால் சுவரைத் தடவிக்கொண்டே பின்னால் நடந்தார்.

“என்ன கேட்டுது? ஏட்டே, எனக்க மகனுக்க சத்தம் கேட்டுதா?”

“ஒரு ஸ்த்ரீ,” என்றார் அவர். “சாயா உண்டோன்னு கேட்டு.”

அதற்குப் பிறகு கலவறைக்குப் பூட்டு விழுந்தது. அம்மச்சிக்குப் பேய் கூடிவிட்டது என்று ஏட்டு அவளை அடுக்களையில் பாய் போட்டுப் படுக்க வைத்தார். தன் கையால் கஞ்சி கொண்டுவந்து தந்தார். மண்டலம் முடியட்டும், எல்லாம் சரியாகும் என்றார். அவள் செய்யாத சத்தியம் இல்லை. பிடிக்காத கால் இல்லை. இரண்டு நாள். மூன்றாம் நாள் பாறசாலை ரயில் நிலையத்தில் ஏதோ மறியல் என்று மத்தியானத்தில் செய்தி வந்தது. லாரி இறங்கிப் போனது. வாசல் சிங்கத்தின் அருகே குடைக்குள் ஒரு காவல்காரன் மட்டும்.

அவள் எழுந்தாள். கடப்பாரை.

முதல் குத்தில் சாந்து பொரிந்தது. இடி இடித்தபோதெல்லாம் குத்தினாள். ஆணி வளைந்தது. கல் ஒன்று புரண்டது. இன்னொன்று. நகம் பிய்ந்தது. கணப்புக்குள்ளிருந்து காற்று வந்து முகத்தில் மோதியது. மெழுகுதிரி. பழைய துணி. கஞ்சி.

குனிந்து நுழைந்தாள். பலகையின் மூலையைத் தேடிக் கை நீட்டினாள்.

பலகை உள்ளிருந்து திறந்தது.

எதுவோ வெளியே வந்தது. அவளை உரசிக்கொண்டு, தோளோடு தோளாக. சூடாக இருந்தது. பூரித்த, நன்றாகத் தின்று வளர்ந்த ஒரு சூடு. அவள் ஊற்றியதெல்லாம் அவள் பக்கத்தில் நடந்து போயிற்று. திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

அவன் மூலையில் இருந்தான். முகம் சுவரைப் பார்த்து, வாய் விரிசலுக்குக் கீழே திறந்து. நீலக் கோடு போட்ட சட்டைக்குள் ஒன்றுமே இல்லாதது போல. கழுத்து அவள் மணிக்கட்டு அளவே இருந்தது.

“மக்கா.”

கண் அசைந்தது.

“எம்புட்டு... நேரமா... கூப்பிடுகேன்...” உதடு கிழிந்து ஒட்டியிருந்தது. “காதில்லையா... ஒனக்கு...”

ஆனந்தபாய் பொந்துக்குள் ஏறினாள். வெளியே தூக்கிக்கொண்டு போகத்தான் ஏறினாள். அவன் தலையை மடியில் எடுத்தாள். பஞ்சுபோல் வந்தது. ஒரு நிமிடம். ஒரே ஒரு நிமிடம் இப்படி வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தாள்.

பலகை சாத்திக்கொண்டது.

அமுக்கினாள். தள்ளினாள். பலகையின் விளிம்பில் கோடுபோல் ஒரு வெளிச்சம் இருந்தது. அதன் வழியே பார்த்தாள். கணப்பின் வாயில் கல் ஏறிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல். ஒன்றின் மேல் ஒன்றாக. சாந்தை வழித்துத் தடவும் விரல்கள் தெரிந்தன. சாம்பலில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வெடித்த விரல்கள். சற்றுமுன் பிய்ந்த நகம். அவளுடைய விரல்கள்.

கத்தினாள். கல் அதைக் குடித்தது.

லாரி குன்றேறி வந்தது. பூட்ஸ் கால்கள் வந்தன. ஏட்டின் குரல் வந்தது. “அம்மச்சீ! எவிடே?”

“இந்தா வாறேன் ஏட்டே,” என்றது அவளுடைய குரல், கல்லுக்கு வெளியே. அவளுடைய நடை அடுக்களைப் பக்கம் போயிற்று. “ஒடம்பு இப்ப நல்லா இருக்கு.”

கடைசி வெளிச்சமும் அடைபட்டது.

“காரமா போட்ட... அன்னைக்கு...” என்றான் ராபின்சன், இருட்டில்.

“உம்.”

“மழ... ஓயவே இல்ல...”

“உம் மக்கா.”

“கை... என்னமா குளுருது ஒனக்கு...”

“உம்.”

அவள் அவன் தலையை நெஞ்சோடு சேர்த்து மெல்ல ஆட்டினாள். குழந்தையாய் இருந்தபோது அவன் தூங்கமாட்டேன் என்று அடம்பிடித்த ராத்திரிகளில் ஆட்டியது போல. அவன் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் உம் கொட்டினாள். குறைகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. இன்னும் நீண்டது. அவள் காத்திருந்து உம் என்றாள்.

உம் என்றாள்.

அவன் எதுவும் சொல்லாதபோதும், சொல்லி வெகுநேரம் ஆனபோதும், கல்லுக்குள் ஒரு குரல் இன்னும் உம் கொட்டிக்கொண்டிருந்தது.